நாற்பத்தொரு கிலோ

“நூத்தி இருபத்தாறு!”

எடை பார்த்த நர்ஸ் அதைக் கத்தித்தான் சொன்னாள். எழுதிக்கொள்கிறவள் நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். நடுவே பெஞ்சுகளில் காத்திருந்த முப்பது பேர் காதிலும் விழுந்துவிட்டுத்தான் அந்த எண் அவளிடம் போய்ச் சேர்ந்தது. “எவ்வளவு?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். நர்ஸ் இன்னொரு தடவை, சின்னக் குழந்தைக்கு டிக்டேஷன் கொடுப்பதைப் போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அக்கா மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினாள். குனிந்தால் வயிறுதான் தெரியும் என்பதால் காலால் துழாவித்தான் அவளுக்குச் செருப்பு கிடைக்கும். நிமிர்ந்தபோது பெஞ்சில் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். முகம் உப்பி, கணுக்கால் வீங்கி, இரண்டு மாதமாகச் சிரிப்பே இல்லாமல் இருந்தவன்.

“சிரிடா, சிரி. உனக்காகத்தான ஏறி நின்னேன்.”

“அதுக்கில்லக்கா. மெஷின் உடையலயேன்னு ஒரு சந்தோஷம்.”

தம்பி டவுன் பஸ் டிரைவர். முப்பத்தாறு வயது. தலைவலி தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டே ஓட்டியவன், ஒரு நாள் மூச்சு வாங்குகிறது என்று ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டிருந்தன. ரத்த அழுத்தம் தின்றுவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வான். அவன் மனைவி, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டினாள். அவள் ரத்த வகை சேரவில்லை. அப்பா அம்மா இல்லை. கூடப் பிறந்தவள் என்று அக்கா ஒருத்திதான். அவளுக்கு ஒவ்வொரு பரிசோதனையாகப் பொருந்திக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டு பேர் ரத்தத்தையும் கலந்து வைத்துப் பார்த்தார்கள். சண்டை போடாமல் சமாதானமாக இருந்தது.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அக்காவின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கிட்னி ரெண்டும் அருமையா இருக்கும்மா” என்றார். அக்காவுக்குக் கன்னம் சூடேறியது. நாற்பத்து மூன்று வயதுக்கு அவள் உடம்பில் இருக்கிற எதையும் யாரும் அருமை என்று சொன்னதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாத இடத்திலாவது இரண்டு அழகான பொருள்களை இத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தாள். அப்புறம்தான் டாக்டர் அந்த “ஆனா”வைச் சொன்னார்.

“ஆனா இந்த எடையில நான் கத்தியைக் கையில எடுக்க மாட்டேன். உங்க உயிருக்கே ஆபத்து. மிச்சம் இருக்கற ஒரு கிட்னியும் இந்த உடம்பை இழுக்காது. நீங்க நல்ல உயரம், எண்பத்தஞ்சுக்கு வாங்க, போதும். வந்தன்னிக்கு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கலாம்.”

நாற்பத்தொரு கிலோ. வெளியே வந்ததும் தம்பி கேட்டான். “நாப்பத்தொரு கிலோன்னா எவ்வளவுக்கா? ஒரு ஸ்பேர் டயர் இருக்குமா?”

“பஸ் டயர்தான?”

“பஸ் டயர்தான்.”

“அப்ப கழட்டிரலாம்” என்றாள் அக்கா. சொல்லிவிட்டாளே தவிர அவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஏனென்றால் குறைத்துப் பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை. அவள் வேலை பார்த்தது ஜன்னல் திரை தைக்கிற கடையில். விற்பனை கீழே, தையல் அறை இரண்டாவது மாடியில், முப்பத்தெட்டுப் படி. பதினேழு வருஷமாக நாளுக்கு ஒரு தடவை ஏறி ஒரு தடவைதான் இறங்குவாள். மத்தியானம் மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போனால் இவளுக்கு யாராவது மேலே கொண்டுவந்து தர வேண்டும். நாற்காலியின் கைகள் இடுப்பைப் பிடிப்பதால் பெஞ்சில் உட்கார்ந்து தைப்பாள். எந்தக் கடையிலும் அவள் அளவுக்கு உடுப்பு கிடைக்காது. மிஞ்சிய திரைத் துணியில் தானே தைத்துப் போட்டுக்கொள்வாள். ஒரு ஓட்டலுக்குத் தைத்த கருநீலத் துணியின் மிச்சத்தில் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது தம்பி, “யக்கா, உன்னை இழுத்து விட்டா ரூமே இருட்டாயிரும்” என்றான். வீடே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். சிரித்துவிட்டால் அதோடு முடிந்துபோகும் என்பது அவள் சின்ன வயதில் கற்றுக்கொண்டது. சிரிக்க முடியாமல் போனது ஒரே ஒரு தடவை. அவன் கல்யாணத்தன்று போட்டோ எடுக்கும்போது, “அக்கா, நீ கொஞ்சம் பின்னாடி நில்லேன், மத்தவங்க மறையறாங்க” என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்னான். அவள் பின்னால் போனாள், இன்னும் பின்னால் போனாள், கடைசியில் சமையலறைக்கே போய்த் தட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

எத்தனை விதமாகவோ பட்டினி கிடந்து பார்த்திருக்கிறாள். வெறும் பழச்சாறு, வெறும் கஞ்சி, ஆறு மணிக்கு மேல் வாயைக் கட்டுவது. எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். பத்தாவது நாள் மத்தியானம் தலை கிறுகிறுக்கும், ஊசியில் நூல் கோக்க வராது, வீட்டுக்கு வந்து ஒரு முழு ரொட்டியை நின்றபடியே ஜாம் தடவித் தின்று தீர்ப்பாள். போன எடை கூடவே இரண்டு கிலோ உறவுக்காரர்களை அழைத்துக்கொண்டு திரும்பி வரும்.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். கரகரத்த குரல், எலும்பும் தோலுமாக உடம்பு. இவளா எனக்குச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லப்போகிறாள் என்று அக்காவுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது.

“எத்தனை தடவை பட்டினி கிடந்திருக்கீங்க?” என்றுதான் அந்த அம்மா ஆரம்பித்தாள்.

“எண்ணினதில்லீங்க.”

“இனிமே ஒரு தடவையும் கிடக்கக் கூடாது. பசிச்சீங்கன்னா தோத்துருவீங்க. வயிறு எப்பவும் நிறைஞ்சிருக்கணும். எதால நிறையுதுங்கறதுதான் விஷயம்.” ஒரு பெரிய கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். “இது நிறைய காய். முதல்ல அதை முடிக்கணும். அப்புறம் முட்டையோ மீனோ பயறோ. சோறும் ரொட்டியும் கடைசி. அதுக்கப்புறமும் வயித்துல இடம் இருந்தாப் பாத்துக்கலாம். சர்க்கரை வீட்டுக்குள்ளயே வரக் கூடாது. தினம் நடங்க. மெதுவாத்தான் இறங்கும். அவசரப்பட்டா ஏறிரும்.”

“எவ்வளவு நாளாகும்?”

“ஒரு வருஷம். கொஞ்சம் கூடவும் ஆகலாம்.”

“என் தம்பி தாங்குவானா?”

“மெஷின் இருக்குல்ல. அது தாங்கும்” என்றாள் அந்த அம்மா. அப்போது அது பொய்யில்லை.

அப்படித்தான் மூன்று பேரும் ஒன்றாக இருந்த அந்த வீட்டில் இரண்டு சமையல் ஆரம்பமாயிற்று. தம்பி மனைவிதான் இரண்டையும் பார்த்துக்கொண்டாள். அக்காவுக்கு எதெல்லாம் மருந்தோ அதெல்லாம் தம்பிக்கு விஷம். கீரை, தக்காளி, பயறு, வாழைப்பழம், ஆரஞ்சு எதையும் அவன் தொடக் கூடாது, அதிலிருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுபோகும் என்றார்கள். அவனுக்கு ஆகிற வெள்ளைச் சோறும் வெள்ளை ரொட்டியும் அவளுக்கு ஆகாது. முட்டையென்றால் வெள்ளை மட்டும் அவனுக்கு, மஞ்சளும் சேர்த்து முழுதாக அவளுக்கு. அவனுக்கான காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் கொடுக்க வேண்டும். கொட்டுவானேன் என்று அக்கா அதில் மிளகு போட்டுச் சூப்பாகக் குடித்தாள். “என் காய்ல இருக்கற உசுரையெல்லாம் நீ குடிச்சிடறே” என்பான் தம்பி. அவனுக்கு நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். அதற்கென்று ஒரு பாட்டில், அதில் பேனாவால் போட்ட நாலு கோடு. சாயங்காலத்துக்குள் நாலாவது கோட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு, பேச்சு வராமல், எதிரே அக்கா கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் திரும்பி உட்கார்ந்து சாப்பிடப் பார்த்தாள். “திரும்பாதக்கா, பாக்கவாவது பாக்கறேன்” என்றான்.

முதல் மாதம் ஐந்து கிலோ இறங்கியது. அப்புறம் மூன்று. ஒரு மாதம் ஒன்றுமே இல்லாமல் முரண்டு பிடித்தது. அடுத்த மாதம் நாலு. பசி என்பது வரவே இல்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். பத்தாவது நாளுக்காக அவள் பயந்துகொண்டிருந்தாள். அது வந்தது, போயிற்று. ஐம்பதாவது நாள் போயிற்று. தையல் அறையில் துணி வெட்டுகிறவரைக் கத்தரி மாமா என்பார்கள். அவர் மேஜைமேல் கேக் டப்பாவைத் திறந்து வைத்தால் அவள் அதைத் தாண்டிக் கொக்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கஷ்டப்பட்டு அடக்கியதெல்லாம் இல்லை. வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். போட்டிருந்த உடுப்புகளைப் பிரித்துப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள், பிறகு அந்தத் தையலுக்கும் உள்ளே ஒரு தையல், அதற்கும் உள்ளே இன்னொன்று. வெட்டி எறிய மனம் வராததால் உள்பக்கம் துணி மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து விலாவில் உறுத்தியது.

மெஷினில் படுப்பதற்கு முன்னும் பின்னும் தம்பியையும் எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய நீரை மெஷின் உறிஞ்சிவிடும். “இன்னிக்கு நாலு மணி நேரத்துல மூணு கிலோ குறைச்சிட்டேன். நீ என்னடான்னா ஒரு மாசம் எடுத்துக்கறே” என்று வந்ததும் வராததுமாகச் சொல்வான். ஆனால் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. ஏழாவது மாதம் அவன் கழுத்தில் போட்டிருந்த குழாயில் கிருமி சேர்ந்து குளிரும் காய்ச்சலுமாகக் கிடந்தான். உதடு காகிதம் மாதிரி வெளுத்தது. ரத்தம் ஊறுவதற்குப் போட்டுவந்த ஊசி கேட்கவில்லை. வேறு வழியில்லை, ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். யாரோ ஒருவருடைய ரத்தம் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக அவனுக்குள் இறங்குவதைத் தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் களை வந்ததும் மூன்று பேருக்கும் உயிர் வந்தது. ஒன்பதாவது மாதம் ஒரு பை. பதினொன்றாவதில் இரண்டு.

அதே பதினொன்றாவது மாதத்தில்தான் அக்கா ஒரு நாள் முப்பத்தெட்டுப் படியையும் நிற்காமல் ஏறினாள். ஏறிய பிறகுதான் அதைக் கவனித்தாள். நம்பிக்கை வராமல் திரும்ப இறங்கி, கடைக்காரர் ஒரு மாதிரி பார்க்கப் பார்க்க, இன்னொரு தடவை ஏறினாள். கத்தரி மாமா கையிலிருந்த கத்தரியை வைத்துவிட்டு, “என்னம்மா, காத்துல மிதந்து வர்றே! என்ன ரகசியம், எங்க வீட்டம்மாவுக்கும் சொல்லேன்” என்றார். அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், எலும்பு இருந்தது. தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரோடு ஊராகக் கரைந்து நடப்பது இவ்வளவு சுகமா என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது. ஒரு கடைக் கண்ணாடியில் தெரிகிற பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கி, அது தான்தான் என்று புரிந்ததும் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். அன்று சாயங்காலம் தம்பியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சுருக்கென்றது. அவன் மெஷின் ஊசி குத்திக் குத்தி முழங்கை தடித்து, மற்ற இடமெல்லாம் வற்றி, கண்ணைத் திறக்கக்கூட யோசித்துக்கொண்டு கிடந்தான். நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்தாள். யாரோ கையும் களவுமாகப் பிடித்துவிட்டதைப் போல முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பதினாலாவது மாதம் அதே நர்ஸ், அதே மெஷின். “எண்பத்தி நாலரை” என்று கத்தினாள். இந்தத் தடவை பெஞ்சுகளில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நர்ஸுக்குத்தான் ஏதோ தோன்றி, மேஜைக்குப் போய் ஏட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்துவிட்டு வந்து, “நீங்களா அது?” என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

டாக்டரும் சந்தோஷப்பட்டார். தேதி குறித்தார். ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாப் பரிசோதனையையும் மறுபடி ஒரு தடவை எடுத்துவிட வேண்டும், வெறும் சம்பிரதாயம்தான் என்றார். அக்கா கடையில் மூன்று மாதம் லீவு சொன்னாள். தம்பி மனைவி பின்னறையைக் கழுவி இரண்டு கட்டிலையும் எதிரெதிரே போட்டாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் படுத்து ஒரே சமயத்தில் எழுந்திருக்கட்டும் என்றாள். தம்பி ஒரே ஒரு ஆசைதான் சொன்னான். முழுதாக ஒரு சொம்புத் தண்ணீர், அண்ணாந்து, கழுத்தெல்லாம் வழிய.

ஒரு வாரம் கழித்து டாக்டர் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை.

“போன வருஷம் உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் கலந்து பாத்தப்ப ஒண்ணும் ஆகல. இந்தத் தடவை இவர் ரத்தம் உங்க அணுக்களைப் பாத்த உடனே கொல்லுது. ரெண்டு தடவை பண்ணிப் பாத்துட்டோம்.”

“அதெப்படி மாறும்?” என்றாள் அக்கா.

“நடுவுல ரத்தம் ஏத்தினோம்ல. அது வேற மனுஷங்க ரத்தம். அதை எதிர்க்கறதுக்கு இவர் உடம்பு ஒரு படையைத் தயார் பண்ணிக்கிச்சு. அந்தப் படை இப்ப உங்களையும் எதிரின்னு நினைக்குது. உங்க கிட்னியை வெச்சா மேஜையிலயே கறுத்துரும்.”

“அந்த ரத்தத்தை ஏத்தாம இருந்திருந்தா?” என்றாள் தம்பி மனைவி.

“அப்பவே போயிருப்பார்மா.”

அந்தப் படையைக் கழுவி எடுக்க ஒரு வைத்தியம் இருக்கிறது, இவர் இதயம் இப்போது இருக்கிற நிலைமையில் அதைத் தாங்காது என்றார். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்கான பொது வரிசையில் பெயரைச் சேர்த்துவிடலாம். எதிர்ப்பு இவ்வளவு இருக்கிறவர்களுக்கு ஒத்துவருவது கிடைப்பது கஷ்டம், ஆனாலும் சேர்த்துவிடலாம். தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரூட் மாற்றிவிட்டார்கள் என்று டிப்போவில் சொன்னால் தலையாட்டுவதைப் போலத் தலையாட்டினான். பிறகு, “அப்ப அக்கா இவ்வளவு குறைச்சது?” என்று கேட்டான்.

“அது அவங்களுக்கு நல்லதுதானே. சர்க்கரை வராது, முட்டி தேயாது. இன்னும் முப்பது வருஷம் நல்லா இருப்பாங்க” என்றார் டாக்டர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை தம்பி மனைவி அடுப்படியில் அவனுக்கான காயை வடித்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் நின்று முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வடிகட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே தம்பி மனைவி கேட்டாள்.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. மனசுல கெடந்து அரிக்குது. நீங்க கொஞ்சம் பசியைத் தாங்கியிருந்தா, ஆறு மாசத்துல முடிஞ்சிருக்குமோ?”

முதல் பை ரத்தம் ஏறியது ஏழாவது மாதம். அந்தக் கணக்கை அக்கா டாக்டர் அறையிலேயே போட்டு முடித்திருந்தாள். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னாலேயே. ஆனாலும் இன்னொருத்தர் வாயால் கேட்கும்போது முட்டை கையிலிருந்து வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. தம்பி மனைவி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். “ஐயோ, நான் ஏன் இதைக் கேட்டேன், நான் ஏன் இதைக் கேட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். இல்லை என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் கரகரத்த குரல் அம்மாவின் அறை வாசலில் நின்றாள். உள்ளே வேறு ஒருத்தர் இருந்தார். அவர் வெளியே வரும்வரை காத்திருந்துவிட்டு, உட்காராமலே கேட்டாள்.

“நான் பட்டினி கெடந்து குறைச்சிருந்தா?”

“தோத்திருப்பீங்கம்மா. உங்களுக்கே தெரியும். எத்தனை தடவை தோத்திருக்கீங்க.”

“அப்பல்லாம் எனக்காகக் கெடந்தேன். இது அவனுக்காக. ஒருவேளை ஜெயிச்சிருந்தா?”

மேஜைமேல் அந்தப் பெரிய கிண்ணம் இருந்தது. அந்த அம்மா அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினாள், மறுபடி அந்தப் பக்கம் நகர்த்தினாள். “உடம்பு கெட்டிருக்கும், அப்பவும் டாக்டர் உங்ககிட்டேயிருந்து எடுத்திருக்க மாட்டார்” என்றாள். நியாயமான பதில்தான். ஆனால் கெட்டுத்தான் இருக்கும் என்று யாரால் அடித்துச் சொல்ல முடியும்? அந்த ஓட்டை இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

அக்கா அடுத்த நாள் காலை சாப்பிடவில்லை. கோபித்துக்கொண்டோ துக்கம் கொண்டாடவோ இல்லை. தன்னால் பசியைத் தாங்கியிருக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கடைக்குப் போனாள். தலை கிறுகிறுக்கும் என்று எதிர்பார்த்தாள், கிறுகிறுக்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே ஒதுக்கிவைத்துவிட்டு, பத்தடி நீளத் திரைக்கு மடிப்பு பிடித்து நாடா வைத்துத் தைத்தாள். ஒரு மடிப்புகூட ஏறவோ இறங்கவோ இல்லை. சாயங்காலமும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை ஊசியில் நூல் ஒரே குத்தில் கோத்துக்கொண்டது. இரண்டாவது நாளும் போயிற்று. வயிறு இருக்கிற இடம் தெரியாமல் இருந்தது. மூன்றாவது நாள் மத்தியானம் கத்தரி மாமா கேக் டப்பாவைத் திறந்தபோது அந்த வாசனை வந்தது. அவள் அதை மூக்கு நிறைய இழுத்துப் பார்த்தாள். தாங்க முடிந்தது. சும்மா, சர்வசாதாரணமாகத் தாங்க முடிந்தது. துக்கத்தில் பசி செத்துப்போவதுதான் இது என்று ஒரு மனம் சொன்னது. இல்லை, இவ்வளவு பலமும் போன வருஷமே உனக்குள் இருந்தது, நீதான் கிண்ணம் கிண்ணமாகத் தின்று அதைத் தூங்கவைத்தாய் என்று இன்னொரு மனம் சொன்னது. எது உண்மை என்று யாரைக் கேட்பது? தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கத்தரி மாமா மெதுவாக வந்து, “என்னம்மா, மயக்கமா? ஒரு வாய் சாப்பிடேன், ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஏறிராது” என்றார்.

அதற்குப் பிறகு சாப்பிட்டாள். சாப்பிடாமல் இருந்து யாருக்கு என்ன லாபம்? காய், முட்டை, கடைசியில் கொஞ்சம் சோறு. பழகிவிட்ட கை தானாக எடுத்துப் போட்டது. எடை அப்படியே நின்றது.

வாரத்தில் மூன்று நாள் தம்பியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவது தம்பி மனைவியின் வேலையாக இருந்தது. இப்போது அதில் இரண்டு நாளை அக்கா எடுத்துக்கொண்டாள். வெயில் தாழ்கிற நேரத்தில் மெஷினிலிருந்து விடுவார்கள். கையில் கட்டுப் போட்டு, முகம் பிழிந்த துணியாக, பஸ் ஸ்டாப் வரைக்கும் அவளைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அன்று வந்தது அவன் பழைய ரூட் வண்டி. அந்த டிரைவர் இவனைப் பார்த்ததும் வண்டியைப் படிக்கட்டு காலுக்கு நேராக வரும்படி ஒட்டி நிறுத்தினார், இவர்கள் உட்காரும்வரை நகர்த்தவில்லை. ஜன்னலோரம் தம்பி, இந்தப் பக்கம் அக்கா.

“ரெண்டாவது கியருக்கு எப்படி மாத்தறான் பாரு. வண்டி அழுவுது” என்றான் தம்பி.

“நீ கண்ணை மூடு.”

“என் பேரு வரிசையில எத்தனாவதுன்னு சொன்னாங்களாக்கா?”

“சொல்லலடா.”

“கேக்கலயா?”

“கேட்டேன். சொல்லல.”

அவன் கண்ணை மூடினான். கொஞ்ச தூரம் போனதும் தலை தானாகச் சரிந்து அவள் தோளில் விழுந்தது. உடனே நிமிர்ந்தான், தோள்பட்டை எலும்பு கன்னத்தில் இடித்திருந்தது. தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் கீழே இறக்கி அவள் புஜத்தில் சாய்ந்து பார்த்தான். அங்கேயும் சரிப்படவில்லை. தளர்ந்து தொங்குகிற தோலுக்கு அடியில் எலும்புதான் இருந்தது. அவள் சட்டையின் விலாப்பக்க மடிப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலையை அங்குமிங்கும் நகர்த்தினான். “எங்க சாஞ்சாலும் குத்துதேக்கா” என்று குழறிவிட்டு, கடைசியில் அந்தப் பக்கம் திரும்பி ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். வண்டியின் அதிர்வில் மண்டை கண்ணாடியில் தடதடத்தது. அவன் விழிக்கவில்லை. அக்கா கையை அவன் முதுகுக்குப் பின்னால் விட்டு, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே உள்ளங்கையைக் கொடுத்தாள். தலையின் கனம் முழுவதும் கையில் இறங்கியது. ரோடு மோசமாக இருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் விரல் முட்டிகள் கண்ணாடியில் மோதிச் சத்தம் போட்டன. முன் சீட்டுக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வெளியே பார்க்க ஆரம்பித்தார்.